மலையில் இருப்பவர் கோபமாக இல்லை

பிஷ்கெக்,
மே 29

அன்புள்ள நுர்ஜமால் அக்காவுக்கு,

தங்கை பெர்மெட் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் குதிரை மந்தையும் ஒரு குறையும் இல்லாமல் மலை மேய்ச்சல் வெளிக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முழங்கால் வலி எப்படி? இங்கே நாங்கள் சுகம்.

சூசமிரில் இந்த வருடமும் செல்போன் எடுக்காது என்பதால் வாரா வாரம் நீ குதிரைப்பாலைப் புளிக்கவைத்துத் தரும் குமிஸை ஏற்ற வரும் கெங்கெஷ் அண்ணன்தான் நமக்குத் தபால்காரர். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருடம் நான் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வாரமும் நாற்பது பேருக்குப் போன் போட்டு "குமிஸ் வேணுமா, எத்தனை ஜாடி" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை புளித்துப்போனது. இந்த வருடம் அந்த வம்பே இல்லை. எங்கள் மருந்துக் கிடங்கில் இருக்கிற மாதிரி ஒரு மென்பொருளை வாங்கிவிட்டேன். வாடிக்கையாளர் ஒரு தடவை சந்தா சேர்ந்தால் போதும். வாரா வாரம் தானாகவே ஓட்டுநரின் போனுக்குத் தகவல் போய்விடும்.

அதில் டெம்ப்ளேட் என்று ஒன்று உண்டு. நீ கம்பளத்துக்கு அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு அதே பூவைத் துண்டு துண்டாக வெட்டுவாயே, அதேதான். முதலில் ஒருவருக்கு மட்டும் சந்தாவைப் பொறுமையாகப் போட்டேன். எத்தனை ஜாடி, எந்தக் கிழமை, என்று தொடங்கி என்று முடியும், எல்லாம். பிறகு "இதையே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்" என்று ஒரு தட்டு. மற்ற நாற்பத்தோரு பேரும் தேநீர் ஆறுவதற்குள் பிறந்துவிட்டார்கள். ஜாடி மூடிகளில் எண் எழுதியிருக்கிறேன், மாற்றிவிடாதே.

இன்னொன்று. உன் மகள் பெரிசாத் நலமாக இருக்கிறாள். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

உன் கைகளை முத்தமிடும்,
பெர்மெட்


சூசமிர்,
ஜூன் 5

தங்கை பெர்மெட்டுக்கு,

நுர்ஜமால் எழுதுவது. நான் நலம், மந்தை நலம். இந்த வருடம் பதினொரு குட்டிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறக்கிறேன். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மென்பொருளைப் பற்றி எழுதியதெல்லாம் படித்தேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், அதைப் படிக்கவில்லை. தகப்பனைப் புதைத்து மூன்றாம் நாள் வந்து நின்றவளைப் பற்றி எனக்கு என்ன எழுதுகிறாய்? கூடாரத்துக்குள் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தூராத்துக்கு ஒப்பாரி வைக்க வேண்டிய ஒரே மகள். கணவாயில் பனி சரிந்து பாதை மூடிவிட்டதாம். "இனிமே என் வாசலை மிதிக்காதே" என்று ஊர் கேட்கச் சொன்னேன். இரண்டு வருடம் ஆகிறது. சொன்னது சொன்னதுதான்.

அச்சு என்றாயே, ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். அச்சில் பிசகு இருந்தால் எல்லாத் துண்டிலும் அதே பிசகு வரும். கம்பளத்தில் எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. சரிபார்த்தாயா?

காலையில் மூடுபனி இறங்கினால் குதிரைகளின் கால்கள் தெரிவதில்லை. முதுகுகள் மட்டும் மிதந்துகொண்டு போகின்றன. பார்த்துக்கொண்டே நின்று ஒரு கறவையை விட்டுவிட்டேன்.

எல்லோரும் சுகமாக இருங்கள்.
அக்கா


சூசமிர்,
ஜூன் 19

பெர்மெட்டுக்கு,

நலம். நீங்கள் நலமா? உன் பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பட்டணத்துக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும்; பட்டணத்தில் அது மறந்துபோய் எவ்வளவோ காலம். போன வருடம் ஒரு ஜாடியிலாவது ஒரு கட்டிச் சர்க்கரை வந்ததா? இந்த வாரம் கெங்கெஷ் இறக்கிய ஜாடிகளைத் திறந்தால், ஒன்றில் காய்ந்த பாதாமி. ஒன்றில் வால்நட். ஒன்றில் கம்பளிக் காலுறை, புத்தம் புதுசு. ஒன்றில் இஸிக்குல் ஏரிக்கரைக் கூழாங்கல். பதினேழாம் ஜாடியில் சதுரங்கக் குதிரை ஒன்று, வெள்ளை. அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரே ஒரு ஜாடிதான் காலி. முதல் எண். ஆனால் கழுவின கழுவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, குட்டிகளைக் கட்டும் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. தூராத் போடுவாரே, அது. பட்டணத்தில் அந்த முடிச்சு யாருக்குத் தெரியும்?

சும்மாதான் கேட்டேன்.

அக்கா


பிஷ்கெக்,
ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் நலமும் குட்டிகளின் நலமும் வேண்டுகிறேன். காலுறையைப் போட்டுக்கொள், முழங்காலுக்கு நல்லது.

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. அச்சில் ஒரு பிசகு. முதல் சந்தாவில் ஓட்டுநருக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அது அந்த ஒரு வாசலுக்கு மட்டும்தான். டெம்ப்ளேட் ஆக்கும்போது அதை அழிக்க மறந்துவிட்டேன். கெங்கெஷ் அண்ணனைத்தான் உனக்குத் தெரியுமே, பட்டாளத்தில் இருந்தவர். போனில் என்ன வருகிறதோ அதை வாசலில் நின்று உரக்க வாசித்துவிட்டுத்தான் ஜாடியைக் கொடுக்கிறாராம்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஜாடியைப் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான். சரிசெய்துவிடுகிறேன்.

இங்கே ஒரே வெயில். மதியம் கண்ணை மூடினால் குமிஸ் புளிக்கவைக்கும் உன் தோல்பைக்குப் போடும் ஜூனிபர் கட்டைப் புகை வாசனை வருகிறது.

அன்புடன்,
பெர்மெட்


சூசமிர்,
ஜூலை 3

பெர்மெட்,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனசில்லை. இருந்தாலும் எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஜாடியைப் பற்றி ஒரு வரியாம்! கெங்கெஷிடம் தேநீரைக் கொடுத்துவிட்டு, "அப்படி என்னப்பா வாசல்ல நின்னு வாசிக்கிறே?" என்றேன். மனிதன் எழுந்து நின்று, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மந்தையே திரும்பிப் பார்க்கிற குரலில் வாசித்தான். "மலையில் இருப்பவர் கோபமாக இல்லை. ஜாடியைக் காலியாகத் திருப்பி அனுப்ப வேண்டாம்."

"மலையில இருக்கிறது யாரு?" என்றேன்.

"நீங்கதானேக்கா. வேற யாரு இங்க இருக்கா?"

"நான் கோவமா இல்லேன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"போன் சொல்லிச்சு. எனக்கென்ன தெரியும்? இப்ப கோவமா இருக்கீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து மூடி வைத்துவிட்டேன். நாற்பத்திரண்டு வாசல்! நான் முகம் பார்த்திராத ஜனங்கள்! என் கோபம் என்னுடையது. அது இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். நீ யார் சொல்ல? அதுவும் யாரிடம் சொல்லச் சொன்னாய்? கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே.

நுர்ஜமால்


பிஷ்கெக்,
ஜூலை 24

அக்கா,

மூன்று வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதிக் கிழித்தேன். நீ சாப்பிடுகிறாயா? கெங்கெஷ் அண்ணன் நீ இளைத்திருப்பதாகச் சொன்னார்.

உடனே டெம்ப்ளேட்டைத் திருத்தினேன். அந்த வரியை எடுத்தேன். ஆனால் மறுவாரமும் அவர் அதையேதான் வாசித்தார். பிறகுதான் விவரம் புரிந்தது. டெம்ப்ளேட்டைத் திருத்தினால் இனிமேல் பிறக்கப்போகும் சந்தாக்கள்தான் திருந்துமாம். ஏற்கெனவே பிறந்துவிட்டவை அப்படியேதான் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, கையால்தான் மாற்ற வேண்டும்.

மாற்ற உட்கார்ந்தேன். அதற்குள் போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒன்பதாம் எண் ஒரு பல் டாக்டர். "மலையில இருக்கிறவங்க இந்த வாரமும் கோவமா இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். இருபத்தாறாம் எண் அம்மாள், "கோவமா இருந்தா மட்டும் என்ன கிழிச்சிடுவாங்களாம்?" என்று கெங்கெஷ் அண்ணனிடம் சண்டை போட்டு, பிறகு மாடிப்படியில் துரத்திவந்து ஜாடிக்குள் வால்நட் போட்டிருக்கிறார். பதினேழாம் எண் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவருடைய அண்ணன் நாரின் மலையில் இருக்கிறாராம். இருபது வருடமாகப் பேச்சு இல்லை. "அண்ணன் சொல்லி விட்டாரா?" என்று கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்று சாயங்காலமே அவர் நாரினுக்குப் போன் போட்டுப் பேசியிருக்கிறார். சதுரங்கக் குதிரை அவருடையதுதான். சின்ன வயதில் இரண்டு பேரும் ஆடிய பலகையாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு எப்படி அழிப்பேன்? நீ சொல், அழிக்கிறேன்.

பெர்மெட்


சூசமிர்,
ஆகஸ்ட் 2

தங்கை பெர்மெட்டுக்கு,

நலம். இளைக்கவில்லை, கெங்கெஷுக்குக் கண் சரியில்லை. பிள்ளைகள் நலமா?

கறவைக்கு நடுவே மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. புல்வெளி முழுக்கக் கதவுகள் நிற்கின்றன, சுவர் இல்லாமல், கதவுகள் மட்டும். குட்டிகள் அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து போகின்றன. கெங்கெஷ் ஒவ்வொன்றாகத் தட்டி, அந்த வரியைச் சொல்லிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு கதவிலும் யாரோ தலையை நீட்டி, "அப்படியா, சந்தோஷம்" என்கிறார்கள். நானும் பின்னாலேயே போகிறேன், "இல்லை, இல்லை, கோபமாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதற்காக. சொல்ல வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது.

அழிக்காதே. இத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது. இனிமேல் கோபமாக இருந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தேடித் தேடிப் பார்த்தேன் பெர்மெட், கோபத்தைக் காணவில்லை.

முதல் ஜாடிக்கு மட்டும் இந்த வாரம் இளம் குமிஸ் ஊற்றியிருக்கிறேன், அதிகம் புளிக்காதது. சிலருக்குப் புளிப்பு ஜாஸ்தியானால் வயிறு வலிக்கும். அந்த முதல் எண் யாரோ எவரோ, எனக்கென்ன தெரியும். ஜாடி இப்போதும் காலியாகத்தான் வருகிறது. அதே முடிச்சு.

கெங்கெஷ் அந்த வரியை வாசித்தபோது முதல் எண் என்ன சொன்னது? அவனைக் கேட்டால் முழிக்கிறான். நீ விசாரித்து எழுது.

அக்கா


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

விசாரித்தேன். விசாரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். கெங்கெஷ் அண்ணன் முதல் எண்ணுக்கு அதை வாசிக்கவே இல்லை. ஒரு தடவைகூட. அவர் போகும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பகல் பணி. பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் அல்லவா. கதவு பூட்டியிருக்கும். ஜாடியைக் கீழே காவல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலி ஜாடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். "ஆள் இருந்தாத்தானே வாசிக்க முடியும்? பூட்டுக்கா வாசிக்கிறது?" என்கிறார்.

பட்டணத்தில் நாற்பத்தோரு பேருக்குத் தெரியும், மலையில் இருப்பவர் கோபமாக இல்லை என்று. அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

உன் குமிஸை வாங்கக் கூடாது என்று நினைத்திருந்தால் அவள் முதல் வாரமே மறுத்திருப்பாள். யார் கறந்த பால் என்று வாசனையிலேயே தெரிந்திருக்கும். வாரா வாரம் வாங்கிக் குடித்துவிட்டுக் கழுவி அனுப்புகிறாள். ஒன்றும் போடாமல்.

கிழமையைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டேன். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. குறிப்பை அப்படியே வைக்கட்டுமா?

பெர்மெட்


சூசமிர்,
ஆகஸ்ட் 16

பெர்மெட்,

நலம்தான்.

அந்தக் குறிப்பு வேண்டாம். கோபமாக இல்லை என்று அவளிடம் சொல்ல நான் யார்? கோபப்பட வேண்டியவள் அவள்.

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. தூராத் போன அன்று காலையிலேயே சாலை வேலைக்காரன் ஒருவன் நம் வாசலுக்கு வந்தான். "கணவாய் மூடியாச்சு அம்மா, பனி சரிஞ்சு கிடக்கு, திறக்க மூணு நாளாவது ஆகும். பிஷ்கெக்லேர்ந்து வரவேண்டியவங்களுக்காகக் காத்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். காதால் கேட்டேன். அவள் அந்தப் பக்கம் நின்று தவித்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. செத்தவரைத் திட்ட முடியவில்லை. எதிரே அவள் வந்து நின்றாள்.

முதல் எண்ணில் இப்படி எழுது. "கணவாய் மூடியிருந்தது அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும்." அவ்வளவுதான். ஜாடியைப் பற்றி ஒன்றும் வேண்டாம். காலியாகவே வரட்டும்.

தாயே, இதை அந்த ஒரு சந்தாவில் மட்டும் எழுது. அச்சில் எழுதிவிடாதே!

அக்கா


பிஷ்கெக்,
ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? நேற்று முழுக்க உன் நினைப்புத்தான்.

மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன். செவ்வாய்க்கிழமை கெங்கெஷ் அண்ணன் கதவைத் தட்டினார். பெரிசாத்தான் திறந்தாள். போனைத் தூக்கிப் பிடித்து வாசித்தாராம்.

"இன்னொரு தடவை வாசிங்க மாமா" என்றாளாம். வாசித்தார். "இன்னொரு தடவை" என்றாளாம். மறுபடி வாசித்தார். "பெர்மெட், மூணாவது தடவை போனைக் கீழே இறக்கிட்டு மெதுவாத்தான் வாசிச்சேன்" என்கிறார். அவருக்கு என்ன எது என்று ஒன்றும் தெரியாது.

அவள் ஜாடியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். பழைய ஜாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் இருபதில் எல்லாச் சந்தாக்களும் தானாகவே முடிந்துவிடும், அப்படித்தான் டெம்ப்ளேட்டில் போட்டிருக்கிறேன். முதல் எண்ணில் மட்டும் முடிவு நாள் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். பால் வற்றிய பிறகும் அது வாரா வாரம் "அனுப்பு, அனுப்பு" என்று நினைவூட்டிக்கொண்டிருக்கும். இருக்கட்டுமே.

பெர்மெட்


சூசமிர்,
செப்டம்பர் 13

தங்கைக்கு,

நலம். முதல் ஜாடி வரவில்லை. போன வாரமும் வரவில்லை, இந்த வாரமும் இல்லை. காலியாக வந்துகொண்டிருந்தபோது முடிச்சையாவது அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது.

மந்தையை இறக்கும் நாள் நெருங்கிவிட்டது. கடைசிக் கறவையும் முடிந்து குட்டிகளை அவிழ்த்து விட்டாயிற்று. அவை தாயிடம் ஓடுவதைப் பார்க்க முடியவில்லை, கூடாரத்துக்குள் போய்விட்டேன்.

அக்கா


சூசமிர்,
செப்டம்பர் 28

அன்புத் தங்கை பெர்மெட்டுக்கு,

நுர்ஜமால் எழுதுவது. நாங்கள் நலம். குதிரைகளும் நலம். நீயும் உன் வீட்டாரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

நேற்று மதியம் பனி விழத் தொடங்கியது. காற்றே இல்லை. மேலேயிருந்து யாரோ கம்பளி உதறுகிற மாதிரி. சாமான்களை ஏற்ற கெங்கெஷ் வந்தான். கடைசி ஜாடிகளை இறக்கினான். நான் எண்ணினேன். நாற்பத்தொன்று.

"முதல் ஜாடி?" என்றேன்.

"அது பின்னால ஏறமாட்டேன்னுடுச்சு, முன்சீட்ல இருக்கு" என்றான் அந்தத் தடியன்.

வண்டிக் கதவு திறந்தது. பெரிசாத் இறங்கினாள். ஜாடியைப் பிஷ்கெக்கிலிருந்து மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். துணி கட்டி, முடிச்சுப் போட்டு. மெலிந்து, தகப்பன் முகமாகவே ஆகிவிட்டாள். கூடார வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றாள்.

"காலியாத்தாம்மா இருக்கு. இதுல என்ன போட்டு அனுப்புறதுன்னு நாலு மாசமா யோசிச்சேன். ஒண்ணும் தோணல" என்றாள்.

முழங்காலையும் மறந்து ஓடினேன். "வாசலை மிதிச்சு உள்ள வாடி" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். உள்ளே தூராத்தின் சேணத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒப்பாரி வைத்தாள். இரண்டு வருடம் மனதுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தாள்போலிருக்கிறது, ஒரு அடி பிசகாமல் பாடினாள். நானும் கூடப் பாடினேன். கெங்கெஷ் வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு பனியில் நின்றிருந்தான்.

இப்போது அவள் தூங்குகிறாள். சதுரங்கக் குதிரை அவள் தலைமாட்டில் இருக்கிறது. ஜாடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்; அடுத்த வருடம் முதல் பால் அதற்குத்தான்.

கணவாயை மூடிவிட்டார்களாம். திறக்க மூன்று நாளாவது ஆகும் என்கிறான் கெங்கெஷ். அதற்குள் கறி தீர்ந்துவிடுமே என்று அவனுக்குக் கவலை. மூடியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்குப் பிந்தித்தான் வந்துசேரும். பாதை மூடியிருந்தது பெர்மெட், கோபித்துக்கொள்ளாதே.

அக்கா நுர்ஜமால்